அம்பத்தூரில் வயர், ஆவடியில் முறுக்கு, பூந்தமல்லியில் மைக் செட்... ஒரு ஸ்பீக்கர் கேபிள் பயணம்!

சென்ட்ரலிலிருந்து ஆவடி லோக்கலில் ஏறினால், வில்லிவாக்கம், கொரட்டூர் தாண்டியதும் பட்டரவாக்கம் வரும். காலை எட்டு மணிக்கு அங்கே இறங்கும் கூட்டத்தைப் பார்த்தாலே ஊரின் குணம் தெரிந்துவிடும். தோளில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, நடையில் ஷிஃப்ட் பெல் அடித்துவிடுமோ என்ற பதற்றம். ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்தால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1964-ல் தொடங்கியது. இன்று ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. லேத், பிரஸ், பெயின்ட், கார்மென்ட்ஸ், ஐ.டி என்று ஒரே தெருவில் ஐந்து வாசனை அடிக்கும்.

பேட்டை வருவதற்கு முன்பே இந்தப் பக்கம் தொழிற்சாலைப் பக்கம்தான். டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப் டயர் என்று அப்பா, தாத்தா தலைமுறைக்குப் பழக்கமான பெயர்கள் எல்லாம் அம்பத்தூர்க்காரை. கொஞ்சம் தள்ளி பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். கார், லாரிக்கான ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் செய்யும் இடம். சுற்றுவட்டாரத்துச் சின்னச் சின்ன ஷெட்களில் வாகன உதிரி பாகங்களும் வயரிங் செட்டுகளும் தயாராகின்றன. சுருக்கமாகச் சொன்னால், இந்த ஊருக்கு வயரின் பாஷை தெரியும்.

நான் வந்த வேலை சின்னது. ஒரு ஜோடி ஸ்பீக்கர் கேபிள் செய்ய வேண்டும். அதுவும் கடையில் ரெடிமேடாக வாங்காமல், இந்த மேற்குப் புறநகரிலேயே பொருள் வாங்கி, இங்கிருக்கும் ஒரு கைகாரரிடம் கேட்டுக் கேட்டுச் செய்ய வேண்டும்.

எதற்கு இந்த வேலை?

தீபாவளி ஆஃபரில் ஹோம் தியேட்டர் வாங்கிய வீடுகளில் ஒரு காட்சி பொதுவாக இருக்கும். பெட்டியோடு வந்த ஸ்பீக்கர் வயர் நூல்போல இருக்கும். அது சோபாவுக்குப் பின்னால் போய்ச் சேராது. உடனே வீட்டில் கிடக்கும் பழைய டேபிள் ஃபேன் வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி ஒட்டுப் போடுவார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு பக்க ஸ்பீக்கர் கரகரக்கும். கடைக்குப் போனால், கண்ணாடி ஷோகேஸில் தங்க முலாம் பூசிய முனையோடு ஒரு கேபிள் பளபளக்கும். விலையைக் கேட்டால், அதில் இன்னொரு ஸ்பீக்கரே வாங்கலாம்போல இருக்கும்.

வயர் மாறினால் பாட்டு மாறுமா? ஓரளவு மாறும். ஆனால், விலையால் அல்ல, தடிமனால்.

கோடையில் டேங்கர் லாரி வந்து சம்ப்பில் தண்ணீர் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். தடித்த ஹோஸ் என்றால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். தோட்டத்துக் குழாயை மாட்டினால் டிரைவர் தூங்கி எழுந்துவிடலாம். வயரும் அப்படித்தான். ஒல்லியான வயர், ஆம்ப்ளிஃபயர் அனுப்பும் மின்சாரத்தைத் தானே கொஞ்சம் விழுங்கிவிடுகிறது. இந்தத் தடைக்குத்தான் ரெசிஸ்டன்ஸ் என்று பெயர். அதை ஓம் கணக்கில் அளக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு பார்த்துவிடலாம். ஸ்பீக்கர் ஐந்து மீட்டர் தூரத்தில் இருந்தால், மின்சாரம் போய்த் திரும்ப மொத்தம் பத்து மீட்டர். அந்தப் பத்து மீட்டருக்கு முக்கால் ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர் சுமார் 0.26 ஓம் தடுக்கும். ஒன்றரை ஸ்கொயர் 0.13 ஓம். இரண்டரை ஸ்கொயர் 0.08 ஓம். ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என்று எழுதியிருப்பார்கள். வயரின் தடை அதில் 5 சதவிகிதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது ஆடியோ தொழிலில் பலரும் பின்பற்றும் அளவு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம் வரை பரவாயில்லை. 4 ஓம் என்றால் 0.2-க்குள் இருக்க வேண்டும். ஆக, ஒரு சாதாரண ஹாலுக்கு இரண்டரை ஸ்கொயர் வயர் தாராளம். ஒன்றரைகூடப் போதும்.

அதற்கு மேல் செலவழிப்பது அவரவர் ஆசை. 2007-ல் அமெரிக்காவில் இதுவே பெரிய சண்டையானது. 12 அடி நீளமுள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர் கேபிளின் விலை 7,250 டாலர். மோசடிகளைத் தோலுரிப்பதில் பெயர் பெற்ற முன்னாள் மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, 'கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டு, இதையும் சாதாரணக் கேபிளையும் பிரித்துச் சொல்லுங்கள், பத்து லட்சம் டாலர் தருகிறேன்' என்றார். பேச்சுவார்த்தை நடந்தது, பத்திரிகைகளில் வந்தது, கடைசியில் கேபிள் கம்பெனி பின்வாங்கிவிட்டது. சோதனை நடக்கவே இல்லை.

'நாப்பது எழுபத்தாறு கொடுங்க!'

அம்பத்தூரில் எலெக்ட்ரிகல் கடைக்குப் பஞ்சமில்லை. தொழிற்பேட்டைக்குள்ளும் இருக்கின்றன, சி.டி.எச். ரோடு நெடுகவும் இருக்கின்றன. நான் போன கடையில் எனக்கு முன்னால் நின்ற எலெக்ட்ரீஷியன், "இருபத்திமூணு எழுபத்தாறு ஒரு காயில், நாப்பது எழுபத்தாறு அரை காயில்" என்றார். ரேஷன் கார்டு நம்பர்போல இருக்கிறதே என்று கடைக்காரரிடம் கேட்டேன். சிரித்தார்.

"அது பழைய அங்குலக் கணக்கு தம்பி. நாப்பதுன்னா உள்ள நாப்பது இழை. எழுபத்தாறுன்னா ஒவ்வொரு இழையும் 0.0076 அங்குலம். கவர்ன்மென்ட் மில்லிமீட்டருக்கு மாத்தி எவ்ளோ காலம் ஆச்சு... எங்க வாய் மாறல."

கணக்குப் போட்டுப் பார்த்தால் 40/76 என்பது ஏறக்குறைய 1.2 ஸ்கொயர் எம்.எம். 23/76 என்பது முக்காலுக்கும் சற்றுக் குறைவு. நம் வீடுகளில் ஸ்பீக்கருக்கு ஓடுவது பெரும்பாலும் இந்த 23/76 தான். சின்ன ரூமுக்குச் சரி. ஹாலின் பின்மூலைக்குப் போதாது.

நான் கேட்டது வீட்டு வயரிங்குக்குப் போடும் இரண்டரை ஸ்கொயர் ஒற்றை வயர். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. 0.3 மில்லிமீட்டர் இழைகள் 36 சேர்ந்து வளைந்து கொடுக்கும் ரகம். 'ஸ்பீக்கர் கேபிள்' என்று தனியாக ஒரு ஜாதி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். பாட்டுக்கும் பல்புக்கும் காப்பர் ஒன்றுதான். 'ஆக்ஸிஜன் ஃப்ரீ' என்று பெட்டியில் போட்டிருக்கும் காப்பருக்கும் நல்ல வீட்டு வயர் காப்பருக்கும் மின்சாரம் கடத்துவதில் உள்ள வித்தியாசம் சுமார் 1 சதவிகிதம்தான். ஒல்லி வயரிலிருந்து இரட்டிப்புத் தடிமனுக்குப் போனால் தடை பாதியாகும். எதற்குக் காசு கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்போதுதான் கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே இருந்து ஒரு துண்டு வயரை எடுத்து மேஜையில் போட்டார். ஒரு வாடிக்கையாளர் ஆன்லைனில் வாங்கி, 'இது என்னன்னு பாருங்க' என்று கொடுத்துவிட்டுப் போனதாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை. உள்ளே செம்பு நிறம் தகதகக்கிறது. பார்க்க அவ்வளவு அழகு. கையில் எடுத்தால் எடையே இல்லை.

பிளேடால் ஓர் இழையைச் சுரண்டினார். உள்ளே வெள்ளை.

"அலுமினியம். மேல காப்பர் பூச்சு. இதுதான் இப்ப பெரிய தொல்லை."

செம்புப் பூச்சு அலுமினியம் என்பது சட்டவிரோதப் பொருள் அல்ல. எடை குறைவாக இருக்க வேண்டிய சில இடங்களில் தெரிந்தேதான் பயன்படுத்துகிறார்கள். அட்டையில் அதைச் சொல்லாமல், அல்லது பொடி எழுத்தில் சுருக்கெழுத்தாகப் போட்டு, காப்பர் என்று நம்பவைத்து விற்பதுதான் பிரச்னை. அதே தடிமனுள்ள காப்பரைவிட இது ஒன்றரை மடங்குக்கு மேல் மின்சாரத்தைத் தடுக்கும். அதாவது, இரண்டரை என்று வாங்கினால் வேலை ஒன்றரை அளவுக்குத்தான் நடக்கும். இரண்டு, மூன்று முறை வளைத்தால் இழை பட்டென்று முறியும். திருகாணிக்கு அடியில் நாளாக நாளாக இணைப்பு தளரும். ஸ்பீக்கருக்குப் போட்டால் சத்தம் கரகரப்பதோடு போய்விடும். அதையே ஒருவர் ஏமாந்து அயர்ன் பாக்ஸுக்கோ ஹீட்டருக்கோ எக்ஸ்டென்ஷன் போட எடுத்தால், வயர் சூடாகி உறை உருகும். வீட்டில் தீப்பிடிக்கும் வாய்ப்பு அங்கேதான் தொடங்குகிறது.

கண்டுபிடிக்க மூன்று வழி சொன்னார். ஒன்று, கையில் தூக்கிப் பாருங்கள். காப்பரின் அடர்த்தி அலுமினியத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல். இரண்டு, ஓர் இழையை பிளேடால் சுரண்டுங்கள். காப்பர் என்றால் உள்ளேயும் செம்பு நிறமே தெரியும். மூன்று, உறையில் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். சிலர் லைட்டரில் கொளுத்திப் பார்ப்பார்கள். அது வேண்டாம். பி.வி.சி. உறை எரிந்தால் வரும் புகை நச்சுப் புகை. காப்பர் எடுப்பதற்காக வயர் மூட்டையைக் கொளுத்தும் இடங்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இரண்டு வயர், லக், ஸ்லீவ் எல்லாம் சேர்த்து, நாலு பேர் உள்ள குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கும் செலவுக்குள் முடிந்தது.

ஆவடியில் முறுக்கு

மறுபடி ரயில். அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், அடுத்தது ஆவடி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்ட ஊர். பத்தே வருடத்தில் இங்கிருந்து விஜயந்தா டாங்க் உருண்டு வெளியே வந்தது. இன்றைக்கும் கனரக வாகனத் தொழிற்சாலையை வைத்துத்தான் ஊரின் பாதி அடையாளம். 2019-ல் ஆவடி மாநகராட்சியானது. ஆனாலும் குவார்ட்டர்ஸ் பக்கம் மரநிழலில் நடந்தால் மாநகரம் என்ற நினைப்பே வராது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் காமராஜ் நகர் பக்கத்தில் இருக்கிறார். அம்பத்தூர் பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் வாகன வயரிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் மிக்ஸியத் தூக்கிக்கிட்டு வந்துடுவாங்க தம்பி."

வராண்டாவில் ஒரு வைஸ், சுவரில் வரிசையாகத் தொங்கும் பிளையர்கள், மூலையில் ஒரு மண்பானை. பானையின் வாயில் ஸ்பீக்கர் கவிழ்ந்திருந்தது. எண்பதுகளில் டீக்கடைகளில் பார்த்திருப்பீர்கள் என்றார். நான் பிறப்பதற்கு முந்தைய சங்கதி. "பெட்டி செய்ய ஆசாரிக்குக் காசு இல்ல. பானை இருந்துச்சு. பேஸ் என்னமா வரும் தெரியுமா!" அவர் போட்டுக் காட்டினார். சும்மா சொல்லக் கூடாது, வந்தது.

வேலை தொடங்கியது. முதலில் அளவு. டேப்பை நேர்க்கோட்டில் பிடிக்காமல், ஒரு சணல் கயிற்றைச் சுவரோரமாக, கதவு நிலையைச் சுற்றி ஓட்டி அளக்கச் சொன்னார். வயர் போகும் வழி அதுதானே. அதற்கு மேல் அரை மீட்டர் கூடுதல். இடது, வலது இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நீளமாக வெட்டிக்கொண்டால் குழப்பம் இல்லை. முறுக்கும்போது நீளம் கொஞ்சம் குறையும் என்பதால் அதற்கும் சேர்த்து வெட்ட வேண்டும்.

அடுத்தது முறுக்கு. சிவப்பையும் கறுப்பையும் சேர்த்து ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினார். மறுமுனையை டிரில் மெஷினின் வாயில் மாட்டி, வயரை விறைப்பாகப் பிடித்தபடி மெதுவாகச் சுற்றவிட்டார். பூக்காரம்மா பூ தொடுப்பதுபோல இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்தன. வேகமாகச் சுற்றினால் வயர் சுருண்டு துள்ளும், கையைக் கிழிக்கும். நிறுத்தியதும் ஒன்றிரண்டு சுற்று தானாகப் பிரியும். அதனால் தேவைக்கு மேல் கொஞ்சம் முறுக்கிவிட்டு விடவேண்டும்.

"முறுக்கினா சவுண்டு நல்லா வருமா சார்?"

"ஏதோ தியரி இருக்கு, ரெண்டு வயரும் ஒட்டியிருந்தா இண்டக்டன்ஸ் குறையும்னு. அஞ்சு மீட்டருக்கு அது உன் காதுக்குத் தெரியாது. நான் முறுக்கறது, பேரன் கால்ல மாட்டி விழாம இருக்க."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

முனை வேலையில்தான் அவருடைய முப்பது வருட அனுபவம் தெரிந்தது. உறையைப் பல்லால் கடித்து உரிப்பதைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். கடித்து இழுக்கும்போது நாலைந்து இழை அறுந்துபோகும். 36 இழைக்குக் காசு கொடுத்துவிட்டு முப்பதை வைத்து ஓட்டுவானேன்? ஸ்ட்ரிப்பரில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அழகாக உரித்தார். சுருங்கும் ஸ்லீவை முதலிலேயே வயருக்குள் நுழைத்துவைத்தார். லக்கை அடித்த பிறகு ஸ்லீவ் உள்ளே போகாது. பிறகு லக்கை மாட்டி, கிரிம்பிங் டூலால் ஓர் அழுத்து. இழுத்துப் பார்த்தார். என்னையும் இழுக்கச் சொன்னார். வரவில்லை.

சோல்டர் வைத்தால் இன்னும் கெட்டியாக இருக்காதா என்று கேட்டேன். இல்லையாம். ஈயம் மென்மையான உலோகம். சோல்டர் வைத்த முனையைத் திருகாணிக்கு அடியில் இறுக்கினால், அது மெல்ல மெல்ல அழுந்திக் கொடுக்கும். சில மாதத்தில் திருகாணி லூஸ். அதிர்வு உள்ள இடத்தில், ஈயம் முடிந்து வெறும் இழை தொடங்கும் விளிம்பிலேயே முறியும். கார், லாரி வயரிங்கில் பெரும்பாலும் கிரிம்பிங் செய்வதற்கு இதுதான் காரணம். ஸ்பீக்கர் பெட்டியும் அதிரத்தானே செய்கிறது!

அழுத்தித் திறக்கும் ஸ்பிரிங் கிளிப் உள்ள ஆம்ப்ளிஃபயர் என்றால், அந்தச் சின்ன ஓட்டைக்குள் இரண்டரை ஸ்கொயர் போகாமல் அடம்பிடிக்கும். அதற்கு ஒல்லியான பின் லக் அடித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஒன்றரை ஸ்கொயரிலேயே நின்றுவிடலாம். திணித்தால், பிரிந்த ஓர் இழை பக்கத்து ஓட்டையைத் தொடும். ஒரே ஓர் இழை. ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. புகைந்துவிடும். உள்ளூரில் அசெம்பிள் செய்த 4440 ஐ.சி. செட் என்றால் மலிவாக மாற்றிவிடலாம். ஏ.வி. ரிசீவர் என்றால் சர்வீஸ் சென்டர் பில்லைப் பார்த்து நமக்குப் புகைச்சல் வரும். அதனால் எதை மாட்டுவதாக இருந்தாலும் ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான். சில ஹோம் தியேட்டர்களில் அந்தந்த கம்பெனியின் தனி பிளக் இருக்கும். அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள். பிளக்கை ஒட்டி ஒரு சாண் வயரை விட்டு வெட்டி, அங்கே புது வயரை இணைக்க வேண்டும்.

மல்டிமீட்டரை பீப் சத்தம் தரும் இடத்தில் வைத்து, சிவப்பின் இரண்டு முனை, கறுப்பின் இரண்டு முனை என்று தொட்டார். பீப். சிவப்பையும் கறுப்பையும் தொட்டார். அமைதி. இந்த அமைதிதான் முக்கியம். 'ஓம் அளந்து பார்க்கலாமே' என்று நினைக்க வேண்டாம். சாதாரண மீட்டரின் சொந்த வயரே நம் கேபிளைவிட அதிகத் தடை காட்டும்.

கடைசியாக அவர் செய்ததுதான் எனக்கு மேஜிக். சுவர்க்கடிகாரத்திலிருந்து 1.5 வோல்ட் பேட்டரியைக் கழற்றினார். ஸ்பீக்கரில் மாட்டிய கேபிளின் மறுமுனையில் சிவப்பை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் ஒரு நொடி தொட்டார். 'டப்' என்று ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வெளியே தள்ளியது. மாற்றித் தொட்டார். உள்ளே போனது. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கும். 'என்ன ஸ்பீக்கரோ, பேஸே இல்லை' என்று புலம்பும் பல வீடுகளில் கோளாறு இதுவாகத்தான் இருக்கும். சரிசெய்யச் செலவு பூஜ்யம்.

ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் போட்டுப் பார்த்தோம். பழைய ஒல்லி வயரோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் என்று சொன்னால் பொய். கரகரப்பு போயிருந்தது. தம்பூராவின் அடித்தொனி நின்று கேட்டது. அவ்வளவுதான். "அவ்ளோதான் வரணும். அதுக்கு மேல வந்துச்சுன்னு எவனாவது சொன்னா, அவன் வயர் விக்கறவன்" என்றார் அவர்.

கரையான்சாவடியில் கேட்ட பாடம்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ். பருத்திப்பட்டு ஏரி காற்று சில்லென்று முகத்தில் அடிக்கும். ஏரிக்கரையில் நடைபாதை போட்டு அழகாக்கியிருக்கிறார்கள். அதைத் தாண்டி கூவத்தைக் கடக்கும்போது, இதே ஆறுதான் சென்னைக்குள் அப்படி ஆகிறதா என்று கேட்கத் தோன்றும். சென்னீர்குப்பம் வழியாகப் போனால் கரையான்சாவடி. அங்கிருந்து பூந்தமல்லி கூப்பிடு தூரம். திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர், வரதராஜப் பெருமாள் கோயில், டிரங்க் ரோடு நெரிசல்.

ஆடி நெருங்குகிறது. ஒரு பக்கம் திருவேற்காடு கருமாரியம்மன், இன்னொரு பக்கம் மாங்காடு காமாட்சி, நடுவில் தெருவுக்கு ஓர் அம்மன். கூழ் ஊற்றும் வாரங்களில் இந்தப் பகுதியில் மைக் செட்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு சவுண்ட் சர்வீஸ் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். சீசனுக்கு முந்தைய பழுது பார்ப்பு நடந்துகொண்டிருந்தது. தரை முழுக்க வயர் சுருள்கள்.

ரொம்ப நாளாக எனக்கு ஒரு சந்தேகம். வீட்டுக்குள் ஐந்து மீட்டருக்கே தடித்த வயர் வேண்டும் என்கிறார்கள். திருவிழாவில் மட்டும் தெருக்கோடியில் இருக்கும் குழாய் ஸ்பீக்கருக்கு நூல் மாதிரி வயர் 200 மீட்டர் ஓடுகிறதே, எப்படி?

கடைக்காரர் ஒரு குழாயின் முதுகில் இருந்த சின்ன டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டினார். "லைன் டிரான்ஸ்ஃபார்மர் பிரதர். ஆம்ப்ளிஃபயர்ல 100 வோல்ட்னு ஒரு திருகாணி இருக்கும். அங்க இருந்து வோல்டேஜ் ஏத்தி அனுப்பறோம், இங்க வந்து இறக்கிக்கிறோம். ஈ.பி.காரன் ஹை டென்ஷன் லைன்ல பண்றதுதான்."

முக்கால் ஸ்கொயர் வயர் 200 மீட்டர் போய்த் திரும்பினால் சுமார் 10 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரை நேரடியாக மாட்டினால் ஸ்பீக்கரைவிட வயரே அதிகம் விழுங்கும். அதே 100 வாட்டை 100 வோல்ட்டில் அனுப்பினால், மின்னோட்டம் மூன்றரை ஆம்பியரிலிருந்து ஒரு ஆம்பியராகக் குறைகிறது. வயரில் போகும் நஷ்டம் பத்தில் ஒரு பங்குதான். பள்ளியில் மனப்பாடம் செய்த பாடம் வேப்பமரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது! ஆனால், அந்த நூல் வயரில் ஓடுவது ஷாக் அடிக்கும் வோல்டேஜ். பந்தல் காலில் உறை கிழிந்து தொங்கினால் குழந்தைகளை நெருங்க விடாதீர்கள்.

அவர் கையில் இருந்த வேலையைக் கவனித்தேன். பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர்களின் வயர் முனையில், டேபிள் ஃபேனுக்கு வருமே, அதே ரெண்டு பின் பிளக். மைக் செட் தொழிலில் பல காலமாக இப்படித்தான். மலிவு, எங்கும் கிடைக்கும். அவற்றை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணா?"

"இது ஸ்பீக்கர் வயருன்னு எனக்குத் தெரியும். பந்தலுக்கு வர்ற பையனுக்குத் தெரியுமா? பிளக்கப் பாத்தா சுவத்துல சொருகுவான்."

சொருகினால் 230 வோல்ட் நேராக ஸ்பீக்கர் காயிலுக்குள் போகும். கருகி நாறும். அதுகூடப் பணத்தோடு போகிற நஷ்டம். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஸ்பீக்கர் வயர்களும் உண்டு. ஒரு முனையைச் சுவரில் சொருகிவிட்டால், மறுமுனையில் இரண்டு பித்தளைப் பின்களும் உயிரோடு நீட்டிக்கொண்டிருக்கும். அதை எடுப்பது பெரும்பாலும் ஒரு சின்னப் பையனாகத்தான் இருப்பான். வீட்டில் ஸ்பீக்கர் வயர் செய்யும் யாரும், கையில் கிடக்கிறதே என்று ரெண்டு பின் பிளக்கை மட்டும் மாட்டிவிடாதீர்கள்.

அவர் மாற்றிப் போடுவது ஸ்பீக்கான் என்ற நீல வளையம் வைத்த பிளக். லிக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டின் நியூட்ரிக் கம்பெனி கொண்டுவந்தது. அது கரன்ட் பிளக் பாயின்ட்டுக்குள் போகவே போகாது. உள்ளே இருக்கும் உலோகம் விரலுக்கு எட்டாது. திருகினால் பூட்டிக்கொள்ளும், யார் கால் பட்டாலும் கழராது. ஒரு பெட்டிக்கு இரண்டு தேவைப்படுகிறது. விலையைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார்.

"ராத்திரி பத்து மணிக்கு மேல போடக் கூடாதுன்னு போலீஸ் வர்றாங்க, அது சரி. இந்த பிளக்கப் பத்தி ஒருத்தரும் கேக்கறதில்ல. நானாதான் மாத்தறேன்" என்றபடி அடுத்த பெட்டியை இழுத்தார். மாற்றி முடித்தவை சுவரோரமாக அடுக்கியிருந்தன. இந்தப் பக்கம் இன்னும் பதினோரு பெட்டி பாக்கி.